துறைமுகத்தின் ஒரே பொன்னாடை

போர் தொடங்கிய சில நாட்களில், துறைமுகத்தைக் காக்கும் பொறுப்பை அரசாங்கம் உப்புக்கிடங்கு ரவுடி முனிரத்தினத்திடம் ஒப்படைத்தது. ஊரில் யாரும் வியப்படையவில்லை. எதிரியின் நீர்மூழ்கிகள் சாக்கடை வழியாக உள்ளே வரத் தொடங்கியிருந்தன. ஒன்று பொதுக் குளியலறையில் அகப்பட்டது. போலீசார் அதைக் கைது செய்தார்கள். அது ஜாமீன் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

முனிரத்தினத்திடம் ஜாமீன் கிடையாது. பொறுப்பேற்ற வாரமே, கலங்கரை விளக்கத்தில் இருந்துகொண்டு எதிரிக்கு உளவு சொன்ன ஒருவனின் நாக்கைத் துறைமுக வாசலில் ஆணியடித்து மாட்டினார். அந்த நாக்கு அதன்பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எதிரிக்குத் தப்புத்தப்பான தகவல்களைச் சொன்னது. இரண்டு எதிரிக் கப்பல்கள் அதை நம்பிப் பாறையில் மோதின. அரசாங்கத்துக்குப் பரம திருப்தி.

ஒப்பந்தம் உப்புக்கிடங்கிலேயே நடந்தது. துணைச் செயலாளர் வேதநாயகம் பேனாவால் கையெழுத்திட்டார். முனிரத்தினம் கத்தி முனையால் தன் குறியைக் கீறினார். ஒப்பந்தத்தில் இருந்தது ஒரே வாக்கியம்: இரு தரப்பும் ஒருவர் வழக்கத்தை மற்றவர் மதித்து நடக்க வேண்டும்.

கன்னியப்பன் அரசாங்கத்தின் மரியாதைப் பிரிவில் கடைசி எழுத்தராக இருந்தான். போருக்கு உதவிய நல்லவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது அந்தப் பிரிவின் வேலை. பொன்னாடையை மடித்துத் தட்டில் வைத்து ஏந்திப் போய், போர்த்துவது கன்னியப்பனின் வேலை. முன்பெல்லாம் அதிகாரிகளே போர்த்தினார்கள். குண்டு விழ ஆரம்பித்த பிறகு அதிகாரிகள் மேசைக்கு அடியில் குடிபோய்விட்டதால் அதுவும் அவன் தலையில் விழுந்தது.

ஜரிகைக் கரை வெளியே தெரிய வேண்டும். மடிப்பு கலையக் கூடாது. கன்னியப்பன் மடிப்பான், சந்தேகப்படுவான், பிரித்து மறுபடி மடிப்பான். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன் அவன். பூட்டு பூட்டியேதான் இருக்கும். அதுவும் அவனுக்கு நம்பிக்கை தராது.

மாலையில் அவன் முதலுதவி வகுப்புக்குப் போனான். கம்பவுண்டர் தாமோதரம் பாடம் எடுத்தார். கன்னியப்பன் போடும் கட்டு எப்போதும் நழுவும்.

"உன் கையால கட்டு வாங்கினவன் பொழைக்கிறது கஷ்டம்யா" என்பார் தாமோதரம். வகுப்பு சிரிக்கும். கன்னியப்பன் அவிழ்த்து மறுபடி கட்டுவான்.

துணிப் பஞ்சத்தால் நகரம் முழுவதற்கும் ஒரே பொன்னாடைதான் இருந்தது. மரியாதை பெற்றவர் மறுநாள் அதைத் துவைத்துத் திருப்பித் தந்துவிட வேண்டும். அது இருக்கும் அறை ஒரு நடைகூடத்தின் கோடியில் இருந்தது. போர் நீள நீள அந்த நடைகூடமும் நீண்டது. ஆரம்பத்தில் எட்டிப் பார்த்தால் கதவு தெரியும். இப்போதெல்லாம் கன்னியப்பன் கையில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போனான்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் பொன்னாடை பள்ளி ஆசிரியர் ராயப்பனுக்கு. பீரங்கி செய்வதற்காகத் தெருத்தெருவாகப் பழைய இரும்பு திரட்டிக் கொடுத்தவர். கன்னியப்பன் போர்த்தினான். ஜனங்கள் கைதட்டினார்கள். ஆசிரியர் கண் கலங்கினார்.

மறுநாள் காலை முனிரத்தினத்தின் ஆள் ஒருவன் பொன்னாடையைக் கொண்டுவந்தான். துவைத்து, இஸ்திரி போட்டு, நறுவிசாக மடித்திருந்தது.

"வாத்தியார் குட்தாரு" என்றான்.

"அவர் வரலையா?"

"எப்டி வருவாரு? பாதி கெணத்துல கீறாரு. மீதி சொவத்துல கீறாரு."

எதிரிதான் கொன்றிருக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குப் பொன்னாடை போர்த்துவது மரியாதைப் பிரிவின் விதி. ஆசிரியரின் மனைவி சலேத்தம்மாளை மேடைக்கு அழைத்தார்கள். மறுநாள் காலை பொன்னாடை திரும்பி வந்தது. சலேத்தம்மாளின் அக்காவை அழைத்தார்கள். பொன்னாடை திரும்பி வந்தது. பிறகு அக்காவின் மாமனார். இப்படியே போய், அந்தத் தெருவில் கடைசியில் வீடுகள் மட்டும் மிஞ்சின. வேதநாயகம் வீடுகளுக்கும் போர்த்தலாமா என்று யோசித்தார். துணி போதாது என்று விட்டுவிட்டார்.

பொன்னாடை முதலில் சந்தன நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. இப்போது நல்ல அரக்கு நிறம்.

"எடுப்பாக இருக்கிறது" என்றார் வேதநாயகம்.

கன்னியப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. தான் மடிப்பதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான். ஜரிகையை உள்பக்கமாக மடித்துப் பார்த்தான். அன்றைக்குப் பொன்னாடை பெற்ற ஆஸ்பத்திரிச் செவிலிக்கு உள்பக்கமாக நடந்தது. குடல் முழுவதும் மாயமாகியிருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. பயந்துபோய் மறுபடியும் வெளிப்பக்கமாக மடித்தான். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு உப்புக்கிடங்குக்குப் போனான்.

முனிரத்தினம் உப்புக் குவியல் மேல் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். குவியலிலிருந்து ஒரு மனிதக் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் குடித்துவிட்டு டம்ளரை அந்தக் கையில் கொடுப்பார். வேண்டும்போது வாங்கிக்கொள்வார். கை நடுங்கவே இல்லை.

"குந்து கண்ணு. மரியாத ஆபீசா நீ?"

"ஆமாங்க. ஒரு சந்தேகம். நாங்க பொன்னாடை போர்த்துறவங்கள எல்லாம் நீங்க ஏன் கொல்றீங்க?"

முனிரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா கேள்வி இது? நீங்கதானே துணி போட்டீங்கோ?"

"துணி போட்டா?"

"எங்க வழக்கம் தெரியாதா ஒனக்கு? ஒருத்தன முடிக்கிறதுன்னா, பொழுது சாயறதுக்குள்ளாற அவன் தோள்ல ஒரு கோடித்துணிய போட்ருவோம். செத்தப்புறம் துணி போட சொந்தக்காரன் வருவானோ மாட்டானோ. எவனும் அனாதப் பொணமா போவக்கூடாது பாரு. அதான் மொதல்லயே போட்டுர்றது. எங்கப்பாரு காலத்துலேர்ந்து இப்டித்தான்."

"நாங்க மரியாதைக்குப் போடுறோங்க."

"நாங்க மட்டும் இன்னா, அவமரியாதைக்கா போடறோம்?"

கன்னியப்பன் வேறு வழிகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"அப்போ துணிக்குப் பதிலா மாலை போட்டா?"

"மாலன்னா குடும்பத்தோட."

"எலுமிச்சம்பழம் கையில குடுத்தா?"

"அது மெதுவா."

"சும்மா கை குலுக்கினா?"

"கைய மட்டும்" என்றார் முனிரத்தினம். உப்பிலிருந்து நீண்டிருந்த கையிடமிருந்து டம்ளரை வாங்கினார்.

"ஒருத்தரு நல்லவருன்னா, அவரப் பாராட்டணும்னா, நீங்க என்னங்க செய்வீங்க?"

"சும்மா வுட்ருவோம்."

"இத நிறுத்த முடியாதுங்களா?"

"நாங்க நிறுத்தறதா? கவர்மெண்டு கேக்குது, செய்றோம். எங்க பசங்களுக்கே கை வலிக்குது. இத்தினி பேர எங்க ஆயுசுல நாங்க முடிச்சதில்ல. ஆனா ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாச்சு. நான் ரவுடி, கண்ணு. சொன்ன சொல்லு மாற மாட்டேன். மாத்தறதுன்னா ஒங்க ஐயா கிட்ட போயி கேளு."

வேதநாயகம் மேசைக்கு அடியில் இருந்தார். அங்கேயே ஒரு சின்ன மின்விசிறியும் சாமி படமும் வைத்திருந்தார். கன்னியப்பன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தகுதி இல்லாத யாருக்காவது போர்த்தினாயா?"

"இல்ல சார்."

"பிறகென்ன?"

"எல்லாரும் செத்துப்போறாங்க சார்."

"மரியாதையை நிறுத்தினால், நம்மிடம் துணி தீர்ந்துவிட்டது என்று எதிரி நினைப்பான். இதையெல்லாம் நீ யோசிக்க மாட்டாயா?"

கன்னியப்பன் யோசித்தான். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவனுக்கு யார் சொன்னாலும் அப்படித் தோன்றும்.

"யாருக்காவது போர்த்தாம இருக்க வழி இருக்கா சார்?"

"காயம்பட்டவருக்குப் போர்த்தக் கூடாது. அவர் ஆஸ்பத்திரி இலாகா. கட்டுப் போட்ட ஆளை மேடையில் பார்த்தால், போர் நடப்பது ஜனங்களுக்குத் தெரிந்துவிடும்." வேதநாயகம் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கிரேன் ஓட்டுநர் செங்கேணிக்கு விழா. உன் அண்ணனாமே. பெருமைப்படு."

அவர் சிரித்தாரா என்று மேசையின் நிழலில் தெரியவில்லை.

குண்டு விழும்போது பதுங்கக் குழி வெட்டித் தராவிட்டால் சரக்கு இறக்க மாட்டோம் என்று கிரேன் ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவன் செங்கேணி. கிரேன்களும் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர்கள் பக்கமே நின்றன. செங்கேணிக்கு மரியாதை செய்தால் எல்லாம் சுமுகமாகும் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது.

கன்னியப்பன் வீட்டுக்கு ஓடினான். பக்கத்து வீட்டு அமாவாசை நாயக்கர் போன மாதம் அபாயச் சங்காக மாறிவிட்டவர். அவர் கூரை மேல் நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தார். அவர் மருமகள் ஏணியில் ஏறி அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

செங்கேணி வாசலில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு. தாயும் தகப்பனும் போன பிறகு கன்னியப்பனைத் தூக்கி வளர்த்த கை.

"அண்ணா, வெள்ளிக்கெழம மேடைக்குப் போவாத."

"ஏன்டா? நீதான போத்தப் போற? மடிப்ப ஒழுங்கா வையி. ஒனக்கு அது ஒண்ணுதான் வேல."

"அந்தத் துணி வுழுந்தா முனிரத்தினம் ஆளுங்க கொன்னுடுவாங்க. வாத்தியார் செத்தாரு. அவரு பொண்டாட்டி செத்தா. அந்தத் தெருவே செத்துச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். தெரியாதது ஒங்க ஆபீசுக்குத்தான்." செங்கேணி சட்டையைப் பிழிந்தான். "அப்பாரு செத்தப்போ மேல ஒரு முழத்துணி வுழுந்துச்சா? கோணிப்பையில சுத்தித் தூக்கினாங்க. அதுல வெங்காயம்னு எழுதியிருந்துச்சு. ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"இருக்கு."

"கிரேன்காரன எவன்டா மேடைக்குக் கூப்ட்டிருக்கான்? ஊரு பாக்க, ஜரிகை வச்ச துணி, நம்ம குடும்பத்துல ஒருத்தன் தோள்ல."

"உசுரு போயிடும்ணா."

"பாமு வுழுந்தாலும்தான் போவுது. அது எங்கியோ வுழுது. இது தோள்ல வுழுது." அவன் சட்டையை உதறினான். "குழி வெட்டித் தரேன்னு வேற சொல்லிகீறாங்க."

"யாருக்கு?"

செங்கேணி சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, நீலக் கையால் தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தான். நாயக்கர் ஊளையை நிறுத்தினார்.

கன்னியப்பன் இரவெல்லாம் கணக்குப் போட்டான். அண்ணன் வராமல் இருக்க மாட்டான். மேடையில் துணி விழாமல் இருக்க ஒரே வழி காயம். காயம்பட்டவன் ஆஸ்பத்திரி இலாகா. உயிரை விடக் கை பெரிதில்லை. எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து யோசித்தான். ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. தெரியாதது ஓட்டை இல்லை என்று ஆகுமா என்றும் யோசித்தான்.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் துறைமுகச் சரக்குக் கொட்டகையில் விழா தொடங்கியது. கிரேன்கள் கூரைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தன. முன்வரிசையில் முனிரத்தினம் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாராவது மயங்கினால் பார்க்கக் கம்பவுண்டர் தாமோதரமும் வந்திருந்தார். வேதநாயகம் மேடை மேசையின் அடியிலிருந்து ஒலிபெருக்கியில் பேசினார்.

திரைக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். செங்கேணியின் சட்டை கண்ணைப் பறித்தது. கன்னியப்பன் பொன்னாடைத் தட்டை ஓரமாக வைத்தான். கிரேன் கொக்கியை மாட்டும் இரும்பு முளை ஒன்றைக் கொட்டகை மூலையிலிருந்து எடுத்து வைத்திருந்தான்.

"அண்ணா, கைய இந்தப் பெட்டி மேல வையி."

"ஏன்?"

"சட்டக்கை மடிப்பு சரியில்ல."

செங்கேணி வைத்தான். கன்னியப்பன் இரும்பு முளையை இரண்டு கையாலும் ஓங்கி முழங்கைக்குக் கீழே இறக்கினான். காய்ந்த மட்டை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. உடைந்ததா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னொரு முறை அடித்தான். எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து அவனைப் பார்த்தது.

செங்கேணி கீழுதட்டைக் கடித்து, அதைப் பாதி துண்டாக்கிவிட்டான்.

"இன்னாடா செஞ்ச?" என்றான் ரத்தத்தோடு.

"மன்னிச்சிக்கண்ணா. நீ பொழைச்ச. நீ இனிமே ஆஸ்பத்திரி இலாகா."

கன்னியப்பன் பையிலிருந்து முக்கோணக் கட்டுத்துணியை எடுத்தான். வகுப்பில் கொடுத்தது. வெள்ளை வெளேரென்று, இன்னும் யாருக்கும் கட்டாத துணி. தாமோதரம் சொல்லிக்கொடுத்தபடியே செய்தான். ஒரு முனையைத் தோளுக்கு மேலாகக் கொண்டுபோனான். கையை மடக்கித் துணியில் தொட்டில் போல ஏந்தினான். மறுமுனையை ஏற்றிக் கழுத்தோரம் முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான். நழுவவில்லை. மறுபடியும் இழுத்தான். நழுவவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் போட்ட கட்டு நின்றது.

திரை விலகியது.

கூட்டம் செங்கேணியைப் பார்த்தது. மேசைக்கு அடியிலிருந்து வேதநாயகமும் பார்த்தார்.

"காயம்பட்டிருக்கிறார்" என்றது ஒலிபெருக்கி. "இவருக்குப் பொன்னாடை ரத்து."

கன்னியப்பன் மூச்சை விட்டான். நெஞ்சுக்குள் பல நாளாக நின்றிருந்த மூச்சு. அது வெளியே வந்து மேடையில் கொஞ்ச தூரம் நடந்து போனது.

முன்வரிசையில் முனிரத்தினம் எழுந்தார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே மேடை ஏறினார். அவர் ஆட்களும் ஏறினார்கள்.

"இன்னா கண்ணு, நீயே போட்டுட்டியா?"

"இது கட்டுங்க. காயத்துக்குப் போட்டது."

முனிரத்தினம் துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "புதுசா?"

"புதுசுதாங்க. ஆனா..."

"தோள்லதான கீது?"

கன்னியப்பன் அண்ணனின் தோளைப் பார்த்தான். துணி தோளில்தான் இருந்தது. கசங்காமல், ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"அவுத்துடறேங்க" என்றான். முடிச்சைப் பற்றி இழுத்தான். பல்லால் கடித்தான். நகம் பெயர்ந்தது. முடிச்சு அசையவில்லை. கூட்டத்தில் கம்பவுண்டர் தாமோதரம் எழுந்து நின்றார்.

"சபாஷ்யா!" என்று கூவினார். "இப்பதான்யா கட்டு!"

"போட்ட துணிய எடுக்கறது வழக்கம் இல்ல" என்றார் முனிரத்தினம். அவர் குரலில் பரிவு இருந்தது. "கூடப் பொறந்தவன் கையால துணி வுழறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும். எனக்கெல்லாம் யாரு போடுவா?"

செங்கேணி நல்ல கையால் தோளில் கிடந்த துணியைத் தடவினான். ஓரம் வரை தடவிப் பார்த்தான்.

"ஜரிகை இல்லியேடா" என்றான்.

பிறகு தானாகவே மேடையை விட்டு இறங்கி நடந்தான். ஆட்கள் இருபுறமும் நடந்தார்கள். வெளியே அவனுடைய கிரேன் நின்றது. ஓட்டுநர் இல்லாமலே அது கழுத்தைத் தாழ்த்திக் கொக்கியை இறக்கியது. அவர்கள் கொக்கியை அவன் விலா எலும்புகளுக்கு நடுவே மாட்டினார்கள். கிரேன் அவனைத் தூக்கியது. கூரைக்கு மேலே, கப்பல்களுக்கு மேலே தூக்கியது. கால்கள் சிறிது நேரம் எதையோ மிதித்துக்கொண்டிருந்தன. பிறகு நின்றன. கை மட்டும் வெள்ளைத் தொட்டிலில் ஆடாமல் பத்திரமாக இருந்தது.

மற்ற கிரேன்களும் ஒவ்வொன்றாகத் தலை நிமிர்ந்து சரக்கு இறக்கத் தொடங்கின.

"வேலைநிறுத்தம் முடிந்தது" என்றது ஒலிபெருக்கி. கூட்டம் கைதட்டியது.

கன்னியப்பன் மேடையில் நின்றான். மேலிருந்து ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. விழா பாதியில் நின்றால் அலுவலகத்தில் கேட்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. ஓரமாக வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டான். அதைத் திருப்பி எடுத்துப்போக வேண்டிய நடைகூடத்தை நினைத்தான்.

ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

"அமரர் செங்கேணியின் ஒரே உறவினரும் நமது இலாகாவின் ஊழியருமான திரு கன்னியப்பன் அவர்களுக்கு, அரசாங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தப்படுகிறது."

கைதட்டல் எழுந்தது. கன்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேடையில் வேறு யாரும் இல்லை. தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. கீழே வைத்தான். பொன்னாடையைப் பிரித்தான். ஒரு மடிப்பு கோணலாக இருப்பதாகப் பட்டது. சரிசெய்தான். ஜரிகை வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டான். பிறகு தலையைக் குனிந்தான்.

முனிரத்தினம் மட்டும் கைதட்டவில்லை. கொட்டகை வாசலில் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து, இன்னும் எவ்வளவு பொழுது இருக்கிறது என்று பார்த்தார்.